இன்னும் இருக்கிறதா?

ஆயிரத்து நானூறு டாலர்.
இரண்டாயிரத்து ஆறில், பிஸ்டன் ஆலையில்
பதினோரு சனிக்கிழமை கூடுதல் ஷிப்ட் பார்த்து
டேரல் வாங்கிய பெயிண்ட்பால் துப்பாக்கி.
நீல அலுமினியம். சாய்த்துப் பிடித்தால் ஊதா.
எங்கள் கல்யாண மோதிரங்கள் இரண்டும் சேர்ந்து
அறுநூற்று எண்பது.
ஒப்பிட்டுச் சொல்லவில்லை.
பல் மருத்துவமனையில் கணக்கு எழுதுகிறவள் நான்,
எண்கள் தாமாகவே
பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

ஜனவரியில் ஹீட்டர் மோட்டார் நின்றது.
மஸ்கீகனில் ஜனவரி என்றால்
ஏரியே எழுந்து வந்து ஜன்னலில் நிற்கும்.
கோட்டைக் கழற்றாமல் படுத்திருந்த டேரல்
"விற்றுவிடலாம்" என்றான், கூரையைப் பார்த்து.
எதை என்று நான் கேட்கவில்லை.
மறுநாள் மோட்டாரைத் தவணையில் மாட்டிவிட்டுப் போனார்கள்.

எழுநூறு என்று விளம்பரம் கொடுத்தான்.
பாதி விலை, யார் விடுவார்கள் என்றான்.
எல்லோரும் விட்டார்கள்.
ஐந்நூறு.
முந்நூற்று ஐம்பது, முகமூடி இலவசம்.
முகமூடியை மட்டும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று,
மகள் அதைப் போட்டுக்கொண்டுதான்
வெங்காயம் நறுக்குகிறாள்.
இருநூறு.
ஒவ்வொரு முறை குறைப்பதற்கு முன்பும்
கராஜுக்குப் போய் அதைத் துடைத்துவிட்டு வந்தான்,
கெட்ட சேதி சொல்ல வந்தவன்
முதலில் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதுபோல.

காற்று உருளையின் கழுத்தில் ஒரு தேதி உண்டு.
அது கடந்துவிட்டால் யாரும் காற்று நிரப்பித் தர மாட்டார்கள்.
கடந்து ஒன்பது வருடம்.
பழைய சாமான் கடை வெர்ன்
உருளையை மேசைமேல் உருட்டிப் பார்த்து
கதவுக்கு முட்டுக்கொடுக்கலாம் என்றார்.
மொத்தத்துக்கும் அறுபது.
இப்போது புதியதே இருநூற்று இருபதுக்கு வருகிறதாம்:
இதைவிட வேகம், இதில் பாதி எடை.
இறந்தாலும் ஆயிரம் பொன் என்றால்
அது யானைக்கு.
மிச்சமிருந்த வண்ணக் குண்டுகளோ
கராஜ் ஈரத்தில் ஊதிப்போய், ஒன்றோடொன்று ஒட்டி,
எவரும் பொறுக்காத பழம்போல் கிடந்தன.

மார்ச்சில் ஒருவர் கேட்டார்: இன்னும் இருக்கிறதா?
இருக்கிறது, இருக்கிறது என்று
டேரல் இரண்டு முறை பதில் அனுப்பினான்.

சனிக்கிழமை வண்டி வந்து நின்றது.
இறங்கியவர் கையில் நீளமாய் ஒரு பெட்டி.
"லைல் பூர்ஸ்மா" என்றான், ஜன்னலை விட்டு விலகி.
பதினேழு வருடம் முன்பு, கடைசி ஆட்டத்தில்
இவன் கழுத்தில் மஞ்சள் பூசி வெளியேற்றியவர்.
அந்த வீக்கம் எனக்கும் தெரியும்.
உறைந்த பட்டாணிப் பையை
இரவெல்லாம் பிடித்திருந்தது என் கை.

லைல் துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தார்.
குழலில் வாய் வைத்து ஊதினார்.
நன்றாக வைத்திருக்கிறாய் என்றார்.
பிறகு தன் பெட்டியைத் திறந்தார்.
அதே மாடல். சிவப்பு.
"நூற்று எண்பதுக்குத் தருகிறேன்.
உனக்கு உதிரி பாகத்துக்கு ஆகும்."

வாங்க வந்தவர் என்று நினைத்து
நான் காபி வேறு போட்டிருந்தேன்.
கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டுகிற சத்தம்.
டேரல்தான் முதலில் சிரித்தான்.
சிரிப்பு நிற்காமல் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தான்.
இரண்டையும் மேசையில் போட்டு
திருகு திருகாக எண்ணிப் பார்த்தார்கள்,
எதற்கும் எவ்வளவும் வராது என்று.

கிளம்பும்போது, வண்டிக் கதவைப் பிடித்தபடி,
"அன்றைக்கு உன் குண்டுதான் முதலில் பட்டது" என்றார் லைல்.
"பட்டது. உடையவில்லை என்று நீதானே சொன்னாய்."
"உடைந்தது.
கையால் துடைத்துவிட்டேன்."

டேரல் ஒன்றும் சொல்லவில்லை.
தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டான்.
வண்டி திரும்பும்வரை வாசலில் நின்றான், செருப்பு இல்லாமல்.

அன்று மாலை விளம்பரத்தைத் திருத்திக்கொண்டிருந்தான்.
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.
ஆயிரத்து நானூறு.
யாரும் வாங்க மாட்டார்களே என்றேன்.
ஆமாம் என்றான், ரொம்பத் திருப்தியாக.

ஹீட்டர் மோட்டாருக்கு மாதம் நாற்பத்தாறு டாலர்.
இன்னும் இருக்கிறது,
பத்தொன்பது மாதம்.